கார் உறை: திறந்தவெளியில் நிறுத்தும் வண்டிக்கு

கார் உறை என்பது நிறுத்தி வைத்த மகிழுந்தின் மேற்புறம் முழுவதையும் மூடுவதற்காகத் தைக்கப்படும் போர்வையாகும். கொட்டகை உள்ளவர்களுக்கு அது தூசி மறைப்பு மட்டுமே. வாசலிலும் தெருவோரத்திலும் வண்டியை நிறுத்துபவர்களுக்கு அதுவே கூரை. திருச்செங்கோட்டின் பழைய தெருக்களில் வீடு கட்டியவர்கள் சைக்கிளுக்கும் மாட்டுவண்டிக்கும் இடம் விட்டார்கள், காருக்கு விடவில்லை. ஆகவே இங்கே உறை வாங்குபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர்.

கடையில் வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "தண்ணி உள்ளே போகாதுங்களா?" என்பதுதான். கடைக்காரரும் துணியின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார். துளி உருண்டோடும், வியாபாரம் முடிந்துவிடும். உண்மையில் இது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மழையில் நனைந்தே ஓடுவதற்காகச் செய்யப்பட்ட பொருள் கார். நல்ல மழைநீர் அதன் பூச்சைக் கெடுப்பதில்லை. நாமக்கல் சமவெளியில் மழை நாள்களைவிட வெயில் நாள்கள் பல மடங்கு. அந்த வெயிலையும், தூசியையும், உறைக்கு உள்ளே சிக்கிக்கொள்ளும் ஈரத்தையும் மனத்தில் கொண்டே துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தார்ப்பாய்ப் பழக்கம்

நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகள், சங்ககிரியின் லாரிகள், இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று இந்த வட்டாரமே கனரக வாகனங்களோடு வாழ்வது. எதையாவது மூட வேண்டும் என்றால் இங்குள்ளவர்களின் கை முதலில் தார்ப்பாயைத் தேடுவது இயல்பு. தார்ப்பாய் என்ற பெயரிலேயே பழைய செய்முறை இருக்கிறது: தடித்த துணியில் நீர் புகாதபடி தார் பூசினார்கள். இப்போது கிடைக்கும் நீல, மஞ்சள் தார்ப்பாய்கள் பாலிஎத்திலீன் நாடாக்களை நெய்து, இருபுறமும் அதே பிளாஸ்டிக்கை மெல்லிய ஏடாக ஒட்டியவை.

லாரியில் தார்ப்பாய் காப்பது சுமையை. நெல் மூட்டையும் சிமெண்டும் நனையாமல் இருந்தால் அதன் வேலை முடிந்தது. மூட்டைமேல் அது உரசினாலும் யாருக்கும் கவலையில்லை. கார் உறை காக்க வேண்டியது வண்டியின் தோலை. அந்தத் தோலின்மேல்தான் அது நேரடியாகப் படுகிறது. சொரசொரப்பான பிளாஸ்டிக் விரிப்பைக் காரின்மேல் போட்டுக் கயிற்றால் கட்டினால், ஆடி மாதக் காற்றில் அது இரவெல்லாம் பூச்சைத் தேய்க்கும். மேலும் அது துளியும் காற்று விடாது. சுமைக்கு நன்மையாக இருந்த அந்தக் குணமே காருக்குத் தீமையாகிறது.

பூச்சைக் கெடுப்பவை

காரின் நிறத்துக்கு மேலே தெளிந்த ஒரு மேற்பூச்சு உண்டு. பளபளப்பு அதனுடையது. அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான். வெயிலின் புறஊதாக் கதிர்கள் இந்தப் பூச்சின் வேதிப்பிணைப்புகளை மெல்ல அறுக்கின்றன. முதலில் மங்கல், பிறகு வெண்மை, கடைசியில் உரிதல். கூரையிலும் பானட்டிலும் இது முதலில் தெரிவதற்குக் காரணம், அவை வானத்தைப் பார்த்திருப்பதே.

தூசியைப் பலர் அழுக்கு என்று மட்டுமே நினைக்கிறார்கள். இந்த ஊர்த் தூசி அதைவிடக் கடுமையானது. இப்பகுதியின் அடிப்பாறைகளில் குவார்ட்சு கலந்திருக்கிறது. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் குவார்ட்சு 7. சன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5. கண்ணாடியையே கீறும் துகளுக்குக் காரின் மேற்பூச்சு எம்மாத்திரம்? ரிக் வண்டி பாறையைக் குடையும்போது அழுத்தக் காற்று அந்தப் பாறையைப் பொடியாக வெளியே தள்ளுவதை இவ்வூரார் அனைவரும் பார்த்திருப்பார்கள். பக்கத்து மனையில் ஒரு போர் போட்டால் தெருவில் நிற்கும் வண்டிகள் எல்லாம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். அந்தப் பொடி படிந்த காரின்மேல் உறையை இழுத்துப் போடுவது உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதற்குச் சமம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் சிலந்திவலை போன்ற மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகின்றன.

மர நிழலில் நிறுத்துபவர்களுக்கு வேறு தொல்லை. பறவை எச்சம் வெயிலில் காயக் காயப் பூச்சைக் கடிக்கும். மாமரத்தடியில் நிறுத்தினால், பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் சொட்டும் இனிப்புப் பிசின் கண்ணாடியெல்லாம் ஒட்டும். இவற்றுக்கு ஓரளவு நல்ல உறை எதுவும் போதும்.

கவனிக்கப்படாத ஒன்று உப்புத் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் காரைக் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு மூடினால், நீர் ஆவியாகும்போது அதிலிருந்த சுண்ணாம்பு உப்புகள் வட்ட வட்டமாகப் படிந்துவிடும். நாள்பட்டால் அந்தத் தடங்கள் சோப்புக்கும் போவதில்லை.

துணி வகைகள்

பருத்தி மென்மையானது, காற்று விடும். கொட்டகைக்குள் நிறுத்தும் காருக்கு இதைவிட நல்லது இல்லை. திறந்தவெளிக்கு உதவாது. மழையில் ஊறிக் கனத்து, நாள் முழுவதும் ஈரம் காக்கும். பழைய படுக்கை விரிப்பைப் போட்டுவைப்பவர்கள் வெள்ளைக் காரில் சாயம் இறங்கிய பிறகே இதை உணர்கிறார்கள்.

சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது வெள்ளிநிறப் பூச்சிட்ட மெல்லிய பாலியெஸ்டர் டஃபேட்டா. "190 டி" என்று உறையின் பையில் அச்சிட்டிருக்கும். தறிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஓர் அங்குலத்தில் பாவு இழையும் ஊடை இழையும் சேர்ந்து 190 என்பதே அது. இழையின் கனத்தை அது சொல்வதில்லை. அதற்கு டெனியர் வேண்டும். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். பருத்தியில் நம்பர் கூடினால் நூல் மெலியும். டெனியரில் எண் கூடினால் இழை தடிக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாலியெஸ்டர் இழை வெயிலைத் தாங்குவதில் நைலானைவிட மேல். ஆனால் மலிவான உறைகளில் வெள்ளிப் பூச்சு மடித்து விரிக்கும் இடங்களில் உரிந்துபோகிறது. அதன்பின் வெயிலைத் திருப்பி அனுப்பும் வேலையும் நின்றுவிடும்.

நெய்யாமல், இழைகளைப் பரப்பி வெப்பத்தால் ஒட்டிச் செய்யும் பாலிபுரொப்பிலீன் துணி இன்னொரு வகை. "மூன்று அடுக்கு", "ஐந்து அடுக்கு" என்று விற்பவை பெரும்பாலும் இவையே. நல்லவற்றில் நடு அடுக்கு மிக நுண்ணிய துளைகள் கொண்டதாக இருக்கும். இந்த இழையில் புறஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து சேர்க்காவிட்டால் திறந்த வெயிலில் சில மாதங்களிலேயே பொடியாக உதிரும். எனவே அடுக்கின் எண்ணிக்கையைக் கேட்பதைவிட, வெயில் தாங்கும் மருந்து சேர்த்ததா, எத்தனை மாதம் உத்தரவாதம் என்று கேட்பது பயன் தரும். காகிதம் போன்ற ஐந்து அடுக்கைவிடக் கனமான இரண்டு அடுக்கு மேல்.

பி.வி.சி. பூசிய தடித்த உறைகள் முழுமையாக நீர் தடுப்பவை. தார்ப்பாய்க்குச் சொன்னது இவற்றுக்கும் பொருந்தும். பி.வி.சி.யை வளையச் செய்வதற்காகச் சேர்க்கும் பொருள்கள் வெப்பத்தில் கசிந்து பூச்சில் மங்கலை ஏற்படுத்தவும் கூடும். அடியில் மெல்லிய பஞ்சுத்துணி வைத்துத் தைத்திருந்தாலொழிய வாங்காதிருப்பதே நல்லது.

காற்று விடும் துணி

நீரைத் தடுக்கும் துணி நீராவியை மட்டும் எப்படி வெளியே விடும் என்ற ஐயம் நியாயமானது. மழைத்துளி மில்லிமீட்டர் அளவு பெரியது; நீராவியாக இருக்கும்போது நீரின் மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் துளை இருந்தால் துளி நிற்கும், ஆவி போகும். 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது இத்தகைய நுண்துளைப் படலம் கிடைத்தது. மழைக்கோட்டுகளுக்குப் பயன்பட்ட அந்தக் கொள்கையே வேறு மலிவான பிளாஸ்டிக்குகளில் கார் உறைகளுக்கும் வந்திருக்கிறது.

காற்று விடாத உறையின் கீழ் நடப்பது இது: தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது, வண்டியின் இடுக்குகளிலும் ஈரம் இருக்கிறது. பகல் வெப்பத்தில் அது ஆவியாகி, போக வழியின்றி, இரவில் தகடு குளிரும்போது அதன்மேல் வியர்வைபோல் பூக்கிறது. மறுநாளும் அதே சுற்று. ஏற்கெனவே கீறல் விழுந்த இடம் இருந்தால் துரு அங்கே தொடங்கும்.

கடைத் துணி காற்று விடுமா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி வெந்நீர் ஊற்றி, வாயைத் துணியால் இறுக மூடி ரப்பர் வளையம் போடுங்கள். அதற்கு மேலே ஒரு விரல் இடைவெளியில் குளிர்ந்த தட்டு ஒன்றைப் பிடியுங்கள். தட்டின் அடியில் பனி படிந்தால் ஆவி வருகிறது என்று பொருள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் சோதனைதான். கடைக்காரரின் தண்ணீர் வேடிக்கையைவிட அதிகம் சொல்லும். மாதிரித் துண்டு தராத கடையில், உறையோடு வரும் பையைக் கேளுங்கள். பல சமயம் அதே துணியில் தைத்திருப்பார்கள்.

எடையும் அளவும்

துணியின் தரத்தைச் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று குறிப்பார்கள். பையில் அச்சிட்டதை நம்ப வேண்டியதில்லை. ஸ்விஃப்ட் போன்ற சிறு காரை மூட ஏறத்தாழ 20 சதுர மீட்டர் துணி வேண்டும். உறையைத் தராசில் வைத்தால் 1.4 கிலோ என்றால் சதுர மீட்டருக்கு 70 கிராம். 3 கிலோ என்றால் 150 கிராம். 70 கிராம் துணி ஆண்டு முழுவதும் வெளியில் நிற்கும் காருக்குப் போதாது. மிகக் கனமானதை வாங்கினாலும் தொல்லை உண்டு: வயதானவர் ஒருவரால் தனியாகப் போர்த்த முடியாது, பிறகு அது டிக்கியிலேயே கிடக்கும்.

அளவு விஷயத்தில் நீளத்தை மட்டும் சொல்லி வாங்குவது தவறு. 2006இல் மத்திய அரசு 4 மீட்டருக்குள் உள்ள சிறிய எஞ்சின் கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தது முதல், நிறுவனங்கள் பல வடிவங்களையும் அந்த வரம்புக்குள் அடக்கிவிட்டன. மாருதியின் டிசையர், பிரெஸ்ஸா இரண்டுக்கும் நீளம் 3,995 மில்லிமீட்டர். டிசையரின் உயரம் ஒன்றரை மீட்டரை ஒட்டியது; பிரெஸ்ஸா 1.6 மீட்டருக்கும் மேல். ஒன்றின் உறை மற்றதற்குப் பொருந்தாது. ஆகவே மாடல் பெயரையும் தயாரித்த ஆண்டையும் சொல்லியே கேட்க வேண்டும்.

தளர்ந்த உறை இறுகிய உறையைவிடக் கேடு. கண்ணாடிக் காதுகளுக்குத் தனிப் பை, அடிவிளிம்பு முழுவதும் எலாஸ்டிக், வயிற்றுப் பகுதியில் குறுக்கே போட்டு மாட்டும் பக்கிள் பட்டை ஆகிய மூன்றும் இருக்கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இந்தச் சமவெளி வரை வலுவாக வீசும். பட்டை இல்லாத உறையை அடுத்த வீட்டு மாடியில் தேட நேரிடும். தையலையும் இழுத்துப் பாருங்கள். துணி கிழிவதற்கு முன்பே பல உறைகள் தையலில்தான் பிரிகின்றன.

போர்த்தும் முறை

எஞ்சினும் புகைக்குழாயும் ஆறுவதற்கு அரைமணி நேரமாவது விடவேண்டும். சூடான குழாயில் பட்டால் செயற்கை இழைத் துணிகள் எல்லாமே உருகும். தூசியை ஈரத்துணியால் அல்ல, நீர் பாய்ச்சிப் போக்கி, உலரத் துடைத்த பிறகே போர்த்த வேண்டும். அதற்கு நேரமில்லாத நாளில் போர்த்தாமல் விடுவது மேல். எடுக்கும்போது இரு ஓரங்களையும் கூரைமேல் மடித்து, முன்னிருந்து பின்னாகச் சுருட்டினால் வெளிப்புறத் தூசி உட்புறத்தில் படாது. தரையில் இழுத்த உறையை உதறாமல் மறுபடி போடவே கூடாது.

வாரக்கணக்கில் நிற்கும் வண்டியை இடையிடையே திறந்து பாருங்கள். மூடிய கார் எலிக்கு நல்ல மறைவிடம். வயரைக் கடித்த பிறகே செய்தி தெரியவரும். எல்லாவற்றுக்கும் முன்பாக, கதவுகள் பூட்டியிருக்கின்றனவா, உள்ளே யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டே போர்த்த வேண்டும். ஒளிந்து விளையாடும் குழந்தை பூட்டாத காருக்குள் ஏறிக்கொண்டால், உறை போட்ட வண்டிக்குள் இருப்பது தெருவில் போகும் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் சில நிமிடங்களே உயிருக்கு ஆபத்தாகும்.

உறையும் தேயும் பொருளே. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூரைப் பகுதித் துணியை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் துணி வெயிலுக்குப் பலியாகத் தொடங்கிவிட்டது. உட்புறம் சொரசொரத்திருந்தால் அன்றே அதைக் கழற்றி, சிமெண்டு மூட்டைக்கோ விறகுக்கோ போர்த்திவிடலாம்.