இசையும் செவியும்

கண்ணுக்கு இமையைக் காவலாக வைத்த இயற்கை, செவிக்குக் கதவு வைக்கவில்லை. உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கின்றது. நள்ளிரவில் குழந்தை அழுதால் தாய் எழுவது இதனாலன்றோ! ஆயினும், அந்நன்மையே பேரொலி வருங்கால் தீமையாக முடிகின்றது.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டதோர் உறுப்பு உண்டு. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர் உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலியலை புகுந்தவுடன் அவை காற்றிலாடும் நெற்பயிர் போல அசைந்து, அவ்வசைவை நரம்பின் வழியே மூளைக்கு உணர்த்துகின்றன. மென்காற்றில் வளைந்த பயிர் நிமிரும். சூறாவளியில் சாய்ந்தது சாய்ந்ததே. வயலையேனும் அடுத்த போகத்தில் மீண்டும் நடலாம். மனிதச் செவியில் மறுநடவு இல்லை. பறவைகட்கு இவ்வணுக்கள் மீண்டும் தோன்றும் என்று அறிவியலார் 1980களில் கண்டனர். நமக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவால் குறிப்பர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபல். 3 டெசிபல் கூடினாலே ஒலியாற்றல் இருமடங்காகும்; செவி தாங்கும் காலமும் பாதியாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கின்றது. 90 டெசிபலாயின் 4 மணி நேரமே.

திருவிழாவில் ஒலிபெருக்கியின் அடியில் நின்று பாட்டுக் கேட்டுத் திரும்பியவர்க்குச் செவி அடைத்தாற்போல இருக்கும். வண்டு முரல்வது போன்ற இரைச்சலும் எழும். மறுநாள் அது நீங்கிவிடுவதால், தீங்கு ஏதுமில்லை என்று எண்ணிவிடுகின்றோம். அவ்வாறன்று. பன்முறை நேரின், மீளாத இழப்பு மெல்ல வந்து சேரும். முதலில் மங்குவன உயர்ந்த சுருதியுடைய ஒலிகள். உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் தாழ்ந்தது. சகரம் முதலிய சில மெய்களின் ஒலி உயர்ந்தது. ஆதலின் பேச்சுக் கேட்கும், சொல் விளங்காது. 'கதை' என்றாரோ 'சதை' என்றாரோ என்று ஐயுற நேரும். தமிழ் பயில்வார்க்கு இதனினும் பெரிய இழப்பு யாதுளது? பாட்டிலும் தாளத்தின் அதிர்வு நிற்கும்; தம்பூராவின் நுண்ணொலி மறையும். இசையை விரும்பியே இசையை இழக்கும் நிலை இது.

திறந்த வெளியில் ஒலிபெருக்கியினின்று இருமடங்கு தொலைவு விலகினால், ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். செலவில்லாத காப்பு இதுவே. காதில் பஞ்சு வைப்பது பலர் வழக்கம். அதனால் பெரும்பயன் இல்லை. அதற்கெனச் செய்த செவியடைப்பான் நன்று. பேருந்தில் 'இயர்போன்' அணிந்தோர் ஒலியைக் கூட்டுவது பாட்டின் சுவைக்காகவன்று. வண்டியின் இரைச்சலை வெல்வதற்கே! அங்குக் கேளாதிருத்தல் நலம். எங்குக் கேட்பினும், கருவியின் முழு அளவில் பத்தில் ஆறு பங்கைத் தாண்டலாகாது. இடையிடையே செவிக்கு ஓய்வும் தருதல் வேண்டும். காதிரைச்சல் நாட்கணக்கில் நீடிப்பின் மருத்துவரை நாடுக.