மரத்தில் ஏறுபவர் யார்?

இல்ஃபோர்டில் நடந்த ஊர்ச்சங்கக் கூட்டமொன்றில் அண்மையில் ஒரு திட்டவரைவு வாசிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கிராமப்புறப் பெண்களுக்கும் இளைஞருக்கும் 'பசுமை வாழ்வாதார'ப் பயிற்சி. மூலவளம் பனை. பெண்களுக்கு ஓலைக் கைப்பணி. இளைஞருக்குப் பொதிசெய்தலும் சந்தைப்படுத்தலும். மரத்தில் ஏறுபவர் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இது தற்செயலான விடுபடல் அல்ல என்பதே எனது கருத்து.

பனைத்தொழிலின் ஒழுங்கைச் சற்று விளக்க வேண்டும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பாளையைச் சீவிச் சாறு எடுக்கலாம். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, அது கருப்பநீர். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் கள். பாளையை ஒழுங்காகச் சீவிவராவிடில் ஊற்று அடைத்துவிடும். எனவே சீவல் தொழிலாளி தனது மரங்கள் அத்தனையிலும் காலையும் மாலையும் ஏறியிறங்க வேண்டும். கடகம் இழைக்கும் பெண்ணுக்கும், வடலியில் கிடைப்பது போக, உயர்ந்த மரத்துச் சார்வை யாரோ ஏறித்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

அந்த 'யாரோ' பெரும்பாலும் நளவரும் பள்ளரும். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உட்செல்லும் உரிமை கேட்டு நின்றனர். கோவிலுக்குள் அவர்களை விடாத ஊர், அவர்கள் இறக்கிய கள்ளை வேண்டாமென்றதில்லை.

1972 இல் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாயின. கள் விற்பனையில் இடைத்தரகர் பிடி தளர்ந்தது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. தொழிலாளரின் பிள்ளைகள் படித்தார்கள். படித்தவர்கள் மரத்துக்குத் திரும்பவில்லை. ஏன் திரும்ப வேண்டும்? தளநாரோடு போனால் திரும்பவும் சாதிப்பெயர்தானே காத்திருக்கிறது. போரில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் வேறு.

பொருளியல் விரிவுரையாளனாக இருந்த காலத்தில் இதனை நான் 'பயிற்றப்பட்ட மனிதவலுவின் பற்றாக்குறை' என்று கரும்பலகையில் எழுதியவன். ஒரு சீவல் தொழிலாளியிடம் அவரது வருமானத்தை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது இரவுவேளையில் பெட்டி அடுக்குகிறேன். தொழிற்சாலையில் எனக்கும் பயிற்சி தந்தார்கள், அரைநாள். அங்கு ஆட்கள் நிலைக்காததற்குக் காரணம் பயிற்சிக் குறைவல்ல; சம்பளமும், மேற்பார்வையாளர் எம்மைக் கூப்பிடும் விதமும்தான்.

இதைக் கூட்டத்தில் சொன்னேன். "சேர், இப்ப ஆர் சாதி பாக்கினம்?" என்றார் ஒருவர். அப்படியானால் ஏறுபவரின் கூலியையும் விபத்துக் காப்புறுதியையும் திட்டவரைவின் முதற்பக்கத்தில் எழுதுவதற்கு என்ன தடை என்று கேட்டேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.