0.1 விநாடியில ஒருத்தரை நம்பிடறோம்!

போடிநாயக்கனூர் ஏலத்துல வியாபாரிங்க ஏலக்காய் சாம்பிளைக் கையில வாங்கி, நிறமும் பருமனும் பார்த்துத்தான் விலை கேட்பாங்க. நம்மகிட்ட முதலீடு கேட்டு வர்ற ஆளை அப்படிப் பார்க்கிறோமா?

2006-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸ், டோடரோவ் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு முகத்தை 0.1 விநாடி காட்டினாலே, நம்பலாமா வேண்டாமான்னு மூளை முடிவு பண்ணிடுது. கூடுதல் நேரம் கொடுத்தும் முடிவு பெருசா மாறல, அது மேல உறுதிதான் கூடுச்சு. (எனக்கு இதுதான் பயம்.)

வெள்ளைச் சட்டை, "நானும் கம்பம்தான் தம்பி"ன்னு ஒரு வார்த்தை போதும். நேர்மை, கணக்கு அறிவு எல்லாத்தையும் மூளையே சேர்த்துக்கும். தார்ன்டைக் 1920-லயே எழுதின ஒளிவட்ட விளைவு இது.

அதனால, ஆலோசனைக்கு ஃபீஸ் கேட்டா செபி தளத்துல அவரோட பதிவு எண்ணைத் தேடுங்க. மியூச்சுவல் ஃபண்ட் விக்கிறவர்னா ஆம்ஃபி தளத்துல ஏஆர்என். சொந்தக்காரரா இருந்தாலும்தான்.