இரட்டை இலையிலிருந்து விலகிய வாக்குகள்

வடசென்னையின் வாக்கு வரலாறு – 9

ஓர் அரசியல் கட்சிக்குள் சமயம் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் வழியாக நுழைகிறது. தலைவரின் பக்தி, தொண்டர்களின் நேர்த்திக்கடன், ஆட்சியின் கோயில் திட்டங்கள் ஆகியவை முதல் வாசல். சமயத்தையே அரசியல் கொள்கையாகக் கொண்ட மற்றொரு கட்சியின் உறவால், நாட்டின் சட்டத்திலும் சட்டமன்ற, நாடாளுமன்ற வாக்கெடுப்பிலும் சமய வேறுபாடு இடம்பெறுவது இரண்டாம் வாசல். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர், காசிமேடு வழியாக ராயபுரம் வரை நீளும் கடலோரப் பகுதியின் தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இங்குள்ள வாக்காளர் முதலாவதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை என்பதும், இரண்டாவதைக் கணக்கில் வைத்திருந்து தீர்ப்பளித்திருக்கிறார் என்பதும் தெரியவரும். இந்த வேறுபாட்டை அ.தி.மு.க.வின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம்.

1949 செப்டம்பர் 17 அன்று ராயபுரம் ராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் தொடங்கப்பட்ட தி.மு.க.விலிருந்து 1972-இல் பிரிந்த இக்கட்சி, பகுத்தறிவு மரபில் வந்த அண்ணாவின் பெயரைத் தாங்கியபோதும், அதன் நிறுவனர் எம்.ஜி.ஆர். கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டதையோ, ஜெயலலிதா 2002-இல் கோயில்களில் அன்னதானத் திட்டம் தொடங்கியதையோ எவரும் முரண்பாடாகக் கருதவில்லை. ஒற்றியூர்த் தியாகராசர் கோயிலும், படகுத் தொழில் செய்த சமூகத்தார் எழுப்பிய ராயபுரம் புனித பேதுரு தேவாலயமும், பழைய வண்ணாரப்பேட்டையின் பள்ளிவாசல்களும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் நிற்கும் பகுதி இது. பக்தி இங்கே அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதி.

கூட்டணி என்பதே எதிர்ப்பைக் கிளப்பிவிடும் என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வரக்கூடாது. 1998-இல் அ.தி.மு.க. பாரதிய ஜனதாவுடன் முதன்முறையாகக் கைகோத்துத் தமிழ்நாட்டில் பெரும்பான்மை இடங்களைக் கைப்பற்றியபோது, வடசென்னை மக்களவைத் தொகுதி தி.மு.க.வின் செ.குப்புசாமியைத் தேர்ந்தெடுத்தது; அடுத்த ஆண்டே தி.மு.க. அதே பாரதிய ஜனதாவுடன் சேர்ந்து நின்றபோதும் அவரையே மீண்டும் அனுப்பியது. அயோத்தி, பொது உரிமையியல் சட்டம், 370-ஆம் பிரிவு ஆகிய மூன்றையும் ஒதுக்கிவைத்த பொதுச் செயல்திட்டத்தை, அதாவது கூட்டணிக் கட்சிகள் அனைத்தும் ஏற்கும் குறைந்தபட்ச உடன்பாட்டை, அப்போது தி.மு.க. தன் கேடயமாகக் காட்ட முடிந்தது.

அத்தகைய கேடயம் ஏதுமின்றி வந்தது 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு பிறப்பித்த கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம். வற்புறுத்தல், ஆசை காட்டுதல், மோசடி ஆகியவற்றால் நடக்கும் மதமாற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதித்த அச்சட்டம், மாற்றப்படுபவர் பெண்ணாகவோ, சிறாராகவோ, பட்டியல் சாதியினராகவோ இருந்தால் தண்டனையை நான்காண்டாகவும் ஒரு லட்சமாகவும் உயர்த்தியது. மதமாற்றச் சடங்கை நடத்துபவர் அதனை மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் பணித்தது. கோயிலில் சோறு போட்ட அதே அரசு, ஞானஸ்நானம் கொடுக்கும் பாதிரியாரைக் கணக்குக் கேட்கும் நிலை உருவானது. 2004 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.–பாரதிய ஜனதா அணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. அந்த மே மாதமே சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக ஜெயலலிதா அறிவித்தார். அரசு ஊழியர்கள் பெருமளவில் பணிநீக்கம் செய்யப்பட்டதும், தி.மு.க. திரட்டிய வலுவான கூட்டணியும் அத்தோல்விக்குப் பெருங்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், தோற்றவுடன் திருத்திக்கொள்ள வேண்டியவற்றின் பட்டியலில் அரசே இச்சட்டத்தைச் சேர்த்தது கவனத்துக்குரியது.

இதைவிட நெருக்கமான சான்று குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்குக் குடியுரிமை வழங்கவும், முஸ்லிம்களையும் இலங்கைத் தமிழ் அகதிகளையும் விட்டுவிடவும் வகைசெய்த அம்மசோதா, 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் 125–105 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஆதரித்தவர்களுள் 11 பேர் அ.தி.மு.க.வினர், அந்தப் பதினொரு வாக்குகள் எதிரணிக்குப் போயிருந்தால் கணக்கு 114–116 என்று மாறி மசோதா தோற்றிருக்கும். சில வாரங்களில் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் முஸ்லிம் பெண்கள் இரவு பகலாக அமர்ந்த போராட்டம், 2020 பிப்ரவரி 14 அன்று நடந்த காவல்துறைத் தடியடிக்குப் பிறகும் கலையாமல், கொரோனா வரும்வரை நீடித்தது. தான் வாக்களித்து நிறைவேற்றிய சட்டத்தையே கைவிடும்படி மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. எழுதியபோது, அதை நம்ப ராயபுரத்தில் ஆளில்லை. 2001 முதல் தொடர்ந்து நான்கு முறை அங்கே வென்றிருந்த அமைச்சர் டி.ஜெயக்குமார் 27,779 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். பாரதிய ஜனதாவுடன் வைத்த கூட்டணியே தம் தோல்விக்குக் காரணம் என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

உடன்படாத வாக்காளர் எங்கே போகிறார் என்பது அடுத்த கேள்வி. ராயபுரத்தைப் போல வெல்லக்கூடிய எதிரணிக்கு நேரே மாறுவது ஒரு வழி. எவருக்கும் வாக்கில்லை என்று பதிவுசெய்யும் நோட்டா இன்னொரு வழி. 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நோட்டா 2,373 வாக்குகள் பெற, தனித்து நின்ற பாரதிய ஜனதா 1,417 வாக்குகளே பெற்றது. மூன்றாவது வழியை எண்ணூர் அடங்கிய திருவொற்றியூர் தொகுதி காட்டுகிறது. 2021-இல் அங்கே தி.மு.க. வென்றது, அ.தி.மு.க.வுக்கு 50,524 வாக்குகளும் நாம் தமிழர் கட்சியின் சீமானுக்கு 48,597 வாக்குகளும் விழுந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைத் தூர்த்து இறாலையும் நண்டையும் குறைத்துவிட்ட எண்ணூர்க் குப்பங்களில், சமயம் வாக்கைத் தீர்மானிக்கும் ஒரே கேள்வியாக இருந்ததில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கமும் அதே வாக்குச்சீட்டில் எழுதப்பட்டிருந்தது. ஆகவே அ.தி.மு.க.வின் இரட்டை இலைக்கு மாற்றாக தி.மு.க.வின் உதயசூரியனை ஏற்க மனமில்லாதவர்களுக்கும் நாம் தமிழர் கட்சியில் ஒதுங்க இடம் கிடைத்தது.

அ.தி.மு.க.வுக்குள்ளும் இந்தக் கணக்கு பேசப்பட்டது. பாரதிய ஜனதாவுடனான கூட்டணியால் சிறுபான்மையினர் வாக்குகள் போயின என்று 2021 ஜூலையில் முன்னாள் அமைச்சர் சி.வி.சண்முகம் சொன்னபோது தலைமை அதை மறுத்தது. 2023 செப்டம்பர் 25 அன்று அதே தலைமை கூட்டணியை முறித்தது. ஆனால் 2024-இல் வடசென்னையில் தி.மு.க.வின் கலாநிதி வீராசாமி 3.39 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். பாரதிய ஜனதா இல்லாமல் நின்ற அ.தி.மு.க. இரண்டாம் இடத்தில் நெடுந்தூரம் பின்தங்கியது. மாநிலங்களவையில் பதிவான வாக்கை ஒரு தீர்மானத்தால் அழித்துவிட முடியாது என்பதே அந்த முடிவின் பொருள். 2025 ஏப்ரல் 11 அன்று அ.தி.மு.க.வும் பாரதிய ஜனதாவும் மீண்டும் கைகோத்ததும், ஜூலையில் அ.தி.மு.க.வின் மூத்த தலைவர் அன்வர் ராஜா தி.மு.க.வுக்குச் சென்றதும் விலகியிருந்த வாக்காளரின் தயக்கத்தைச் சரியென்றே ஆக்கின.

(தொடரும்)