ரவிக்கைக் கொக்கியில் ஒரு பட்டப் படிப்பு

காலையில் ரவிக்கைக்குக் கொக்கி மாட்ட உங்களுக்கு எத்தனை நேரம் பிடிக்கிறது? பால் பொங்குகிறதா என்று அடுக்களைப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே அரை நிமிஷத்தில் மாட்டிவிடுகிறீர்கள். இதையே ஒற்றைக் கையால் செய்து பாருங்களேன்! பக்கவாதம் வந்த பெண்மணியின் சங்கடம் அப்போது விளங்கும்.

இந்தச் சங்கடத்தையே பாடமாக வைத்து ஒரு படிப்பு இருக்கிறது. 'ஆக்குபேஷனல் தெரபி' என்று பெயர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை என்கிறார்கள். உத்தியோகம் தேடித் தருகிற படிப்போ என்று நினைத்துவிடாதீர்கள். குளிப்பது, உடுத்துவது, சோறு பிசைவது, கோலம் போடுவது, குழந்தை பென்சில் பிடிப்பது எல்லாமே இங்கே தொழில்தான்.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டவர் ஸ்ரீமதி கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்தவர். ஃபிலடெல்பியாவில் பயிற்சி பெற்று வந்து, 1950-ல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் இதற்கென்று பள்ளி தொடங்கினார். 1952-ல் உலக சம்மேளனத்தை நிறுவிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முதலிய இடங்களில் இது பட்டப் படிப்பாகவே இருக்கிறது. பிளஸ் டூவில் பௌதிகம், ரசாயனம், உயிரியல் படித்த பெண்கள் சேரலாம். பையன்களும்தான்!

ஆரம்பத்தில், டாக்டருக்குப் படிக்கிறவர்களைப் போலவே, உடற்கூறும் உடலியலும். பிறகு மனோதத்துவம், எலும்பு, நரம்பு, மனநோய் என்று வரிசையாக வரும். அதையெல்லாம் விவரித்து உங்களைச் சோதிக்கப் போவதில்லை. எனக்குப் பிடித்த பாடம், ஒரு வேலையை அக்கு அக்காகப் பிரித்துப் பார்ப்பது. காப்பி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் திறக்க இரண்டு கையும் சேர வேண்டும். பாத்திரத்தைத் தூக்க மணிக்கட்டில் வலு வேண்டும். அடுத்தது என்ன என்ற ஞாபகம் வேண்டும். சுடுவது தெரிகிற விரல் வேண்டும். இவற்றில் எது போயிற்று என்று கண்டுபிடித்தால்தான் வழி சொல்ல முடியும்.

சில வழிகள் வெகு எளியவை. காய் நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டு இருந்தால், உருளைக்கிழங்கு அதில் குத்தி நிற்கும். நறுக்க ஒரு கை போதும். ஸ்பூன் காம்பைப் பருமனாக்கினால் மடங்காத விரலுக்கும் பிடிபடும். ரவிக்கையா? பலமிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதுதான் கடைசி.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கத்து உலகமே கவனத்தில் இராது. இலையில் வலது பாதி காலியாகியிருக்கும். இடது பாதி அப்படியே இருக்கும். 'சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று மருமகள் மனம் வருந்துவாள், பாவம்! கண்ணில் பழுதில்லை, ருசியிலும் குறையில்லை என்று தெரிந்த மாணவி, நோயாளியை இடப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பழக்குகிறாள்.

பட்டம் பெறுமுன் ஆயிரம் மணி நேரமாவது நேரடிப் பயிற்சி வேண்டும் என்பது உலக சம்மேளனத்தின் நியதி. கடினமான பாடம் அங்கேதான் வருகிறது. நோயாளி பத்து நிமிஷமாக ஒரு கொக்கியோடு மல்லாடுகிறார். மாட்டிவிட்டால் ஒரு விநாடி வேலை. நாளைக்கு யார் மாட்டுவது? ஊட்டி விடுவதே சேவை என்று வளர்ந்த நம் பெண்களுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது லேசில் வருவதில்லை. ஆகவே, உங்கள் தாயார் அப்படித் திணறும்போது பக்கத்தில் ஒரு பெண் சும்மா நிற்கக் கண்டால், சண்டைக்குப் போய்விடாதீர்கள். தாயார் விழாமல் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறாள்.