ஐந்தில் இரண்டு பங்கு ரேம்: லினக்ஸ் ஹைபர்னேட் கணக்கு

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு இலக்கு 9.12 லட்சம் கணினிகள். ஒவ்வொன்றிலும் ரேம் 2 ஜிபி, ஹார்டு டிஸ்க் 320 ஜிபி. விண்டோஸுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த 2 ஜிபியை மின்சாரம் தீருமுன் டிஸ்க்கில் எழுதிவைப்பது எப்படி என்பதில் லினக்ஸ் உலகம் அதற்குள் பல ஆண்டுகளாகப் பிரிந்து நின்றது.

தேவை உண்மையானது. 2012 பிப்ரவரி இறுதியிலிருந்து சென்னையிலும் புறநகரிலும் நாளுக்கு 2 மணி நேர மின்வெட்டு. 48 வாட்-மணி பேட்டரி, 15 வாட் செலவு என்று கொண்டால் புதுக் கணினி 3.2 மணி நேரம் தாங்கும். பேட்டரி தேய்ந்து 30 சதவீதத்துக்கு வந்தபின் 58 நிமிடம்தான். வெறும் உறக்கநிலையும் போதாது. வெள்ளி மாலை 5 மணிக்கு மூடிய கணினியைத் திங்கள் காலை 9 மணிக்குத் திறந்தால் இடைவெளி 64 மணி நேரம். மணிக்கு 1 வாட்-மணி என்றாலும் 64 வாட்-மணி வேண்டும். புதுப் பேட்டரியிலேயே இருப்பது 48. ரேமை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணையும் ஹைபர்னேட் நிலைக்குத் தேவை கிட்டத்தட்ட 0.

வழிகள் மூன்று. 2002இல் 2.5 வரிசைக் கெர்னலில் சேர்ந்த ஸ்வ்சஸ்ப் முதலாவது. பாவெல் மாஹெக் பராமரித்தார். நைஜல் கன்னிங்ஹாம் தனி இணைப்பாக வளர்த்த சஸ்பெண்ட்2, 2007இல் டக்ஸ்ஆன்ஐஸ் எனப் பெயர் மாறியது. எழுதும் வேலையைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுபோன யூஸ்வ்சஸ்ப், 2006இல் 2.6.17 பதிப்போடு வந்தது. நான்காவதாக, கெக்செக் மூலம் வேறொரு கெர்னலை எழுப்பி அதைக் கொண்டு எழுதவைக்கும் யோசனையும் இருந்தது. அதற்கான அடிப்படை 2008இல் 2.6.27இல் சேர்ந்தும், அது வழக்கத்துக்கு வரவில்லை.

சர்ச்சையின் மையம் ஒரு பின்னம்: 1/2. ஸ்வ்சஸ்ப் முதலில் ரேமுக்குள்ளேயே ஒரு நகல் எடுக்கும்; அதனால் பாதிக்கு மேல் காப்பாற்ற முடியாது. 2 ஜிபி என்பது 4 கிலோபைட் அளவில் 5,24,288 பக்கங்கள். அதில் அதிகபட்சம் 2,62,144. பின்னாளில் கெர்னல் தானாக வைத்துக்கொண்ட இலக்கு அதைவிடக் குறைவு: ரேமில் 2/5, அதாவது ஏறத்தாழ 2.1 லட்சம் பக்கங்கள், 819 எம்பி. மீதியில் பெரும்பகுதி கோப்புகளின் கேஷ், அது கைவிடப்படும். டக்ஸ்ஆன்ஐஸ் அந்தக் கேஷை முதலில் டிஸ்க்குக்கு அனுப்பி, காலியான இடத்தில் மற்றதை நகலெடுத்தது. எனவே முழு 2 ஜிபியும் மிஞ்சியது.

விநாடிக்கு 60 எம்பி எழுதும் டிஸ்க்கில் 819 எம்பிக்கு 14 விநாடி, 2,048 எம்பிக்கு 34 விநாடி. பார்த்தால் ஸ்வ்சஸ்ப் வென்றதுபோல் தெரியும். செலவு திரும்பி எழும்போது வரும். கைவிட்ட கேஷில் 100 எம்பி மட்டும் மறுபடி தேவைப்படுகிறது என்போம். ஹார்டு டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடி, விநாடிக்கு 100 முறை, முறைக்கு 16 கிலோபைட் படித்தால் 64 விநாடி ஆகும். அதே 100 எம்பி வரிசையாகப் படித்தால் 2 விநாடிக்கும் குறைவு. எழுதும்போது மிச்சமான 20 விநாடி, எழும்போது 60 விநாடியாகத் திரும்பக் கேட்கப்படுகிறது. ஹார்டு டிஸ்க் காலத்தில் கணக்கு கன்னிங்ஹாம் பக்கமே இருந்தது என்பது என் முடிவு. ஆனாலும் டக்ஸ்ஆன்ஐஸ் மைய கெர்னலில் சேரவே இல்லை. அதன் நல்ல அம்சங்களில் ஒன்றான சுருக்கி எழுதுதல் மட்டும் 2011 ஜனவரியில், 2.6.37இல், எல்சோ முறையாக வந்தது.

எஸ்எஸ்டியில் முள் இல்லை. 64 விநாடி வாதமும் இல்லை. கேள்வி இப்போது இடத்தைப் பற்றியது. ஹைபர்னேட் எழுதும் டிஸ்க் பகுதிக்கு ஸ்வாப் என்று பெயர். அன்று 320 ஜிபியில் ரேமுக்குச் சமமான 2 ஜிபி ஸ்வாப் 0.6 சதவீதம். இன்று 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் 6.25 சதவீதம்: 10 மடங்கு. தேய்மான அச்சம் அவ்வளவு பெரிதல்ல. 2/5 அளவான 6.4 ஜிபியை நாளுக்கு 2 முறை சுருக்காமல் எழுதினால் ஆண்டுக்கு 4.7 டெராபைட். 150 டெராபைட் உத்தரவாதம் உள்ள எஸ்எஸ்டியில் அது 3.1 சதவீதம், பாதியாகச் சுருங்கினால் 1.6.

லினக்ஸ் நிறுவும்போது ஸ்வாப்புக்கு ரேம் அளவு இடம் ஒதுக்குங்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் டெர்மினலில் ஃப்ரீ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். ஸ்வாப் வரியில் 0 என்றிருந்தால், அந்தக் கணினியில் ஹைபர்னேட் நடக்காது.