ஒரே சமையலறை, இரண்டு ஹால்: ஆடி காருக்கும் ஸ்கோடாவுக்கும் ஒரே கியர்பாக்ஸ் எப்படி?

சற்றே பெரிய ஓட்டல் என்றால் வெளியே சாதா ஹால், உள்ளே ஏ.சி. ஹால் என்று இரண்டு இருக்கும். இரண்டுக்கும் தோசை போவது ஒரே சமையலறையிலிருந்துதான். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் கியர்பாக்ஸ் ஏற்பாட்டை அந்தச் சமையலறைக்குள் நின்று பார்த்தால் சுலபமாகப் பிடிபடும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, சியாட் மூன்றும் சாதா ஹால். ஆடி, ஏ.சி. ஹால்.

முதலில் அடுப்பைப் பார்ப்போம். மாஸ்டர் முன்னால் இரண்டு தோசைக்கல். ஒரு கல்லிலிருந்து தோசையை எடுக்கும்போதே மற்றொன்றில் அடுத்தது வெந்து நிற்கிறது. பரிமாறுபவர் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் குழுமத்தின் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸில் அந்த இரண்டு கல்லும் இரண்டு கிளட்ச்சுகள். ஒன்றின் பொறுப்பில் 1, 3, 5, 7. மற்றொன்றில் 2, 4, 6, ரிவர்ஸ். வண்டி இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கோத்துத் தயாராக இருக்கும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்க, கியர் மாறிவிடுகிறது. என்ஜினின் இழுவை அறுபடுவதில்லை.

அடுத்து என்ன கேட்பார்கள் என்பதை மாஸ்டர் ஊகிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது மெகட்ரானிக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி. ஆக்சிலரேட்டரை மிதித்தபடி இருந்தால் மேல் கியரைக் கோத்து வைக்கும். வேகம் குறைந்தால் கீழ் கியர். மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஓவர்டேக் செய்யத் திடீரென அழுத்தினால் வண்டி ஒரு கணம் தயங்குவதுண்டு. ஊகம் தவறி, வேறு கியரைக் கோக்கிற நேரம் அது.

2003-இல் இந்த வகை கியர்பாக்ஸ் வந்தபோதே ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32, ஆடி டிடி இரண்டிலும் அது இருந்தது. ஆடியில் அதன் பெயர் எஸ் டிரானிக்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. டி.எஸ்.ஜி., எஸ் டிரானிக் என்ற பெயர்களுக்குள் பல கியர்பாக்ஸ்கள் அடக்கம். 2008-இல் வந்த டிகியூ200 சிறியது. 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வரை தாங்கும். அதன் கிளட்ச் உலர் வகை, எண்ணெயில் மூழ்காதது. செக் நாட்டின் விர்ச்லாபியில் ஸ்கோடாவின் ஆலை 2012 முதல் குழுமத்துக்காக இதைத் தயாரிக்கிறது. இந்தியாவில் விற்ற ஆடி ஏ3-இன் 1.4 லிட்டர் பெட்ரோல் வண்டியில் இருந்ததும், புனேக்கு அருகே சாகனில் தயாராகும் விர்டஸ் 1.5 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பதும் இதுதான். இரண்டு என்ஜினுக்கும் முறுக்குவிசை அதே 250.

டிகியூ500 பெரியது. 600 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். கிளட்ச் எண்ணெயில் குளிர்ந்தபடி இயங்கும். இது 400 குதிரைத்திறன் கொண்ட ஆடி ஆர்எஸ்3-இல் இருக்கிறது. ஆளும் சரக்கும் ஏற்றும் முந்தைய தலைமுறை ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர் வேனிலும் இருந்தது! ஆக, அந்த வேனின் கியர்பாக்ஸ் ஆடி ஏ3-இல் இருந்ததைவிட வலுவானது. சின்னத்தை வைத்து கியர்பாக்ஸை எடைபோடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் ஆடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணா? இல்லை. எந்த வேகத்தில் கியர் மாற வேண்டும், எவ்வளவு மென்மையாக மாற வேண்டும் என்ற மென்பொருளை ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகப் பதம் பார்த்து அமைக்கிறார்கள். சஸ்பென்ஷன், இரைச்சல் தடுப்பு, உள்ளலங்காரம் ஆகியவற்றிலும் உண்மையான வேறுபாடு உண்டு. ஆனால் சமையலறையில் ஒரு கோளாறு என்றால் இரண்டு ஹாலுக்கும் போகும். 2013-இல் சீனாவில் டி.எஸ்.ஜி. கோளாறுக்காக 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஆடி ஏ3-யும் இருந்தது.

உலர் கிளட்ச்சுக்கு ஆகாதது சூடு. நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்ந்து சூடேறும். முன்வண்டி கொஞ்சம் நகர இடம் விட்டு, பிறகு ஒரே மூச்சில் போவது நல்லது. நிற்கும்போது பிரேக்கை முழுதாக மிதித்தால் கிளட்ச் விலகிக்கொள்ளும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்தவே கூடாது.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஸ்டெப்னி வைக்கும் குழியிலோ சர்வீஸ் புத்தகத்திலோ உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். என்ஜின் குறியீட்டுக்குப் பக்கத்திலேயே மூன்றெழுத்தில் கியர்பாக்ஸ் குறியீடு இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய், உலர் கிளட்ச்சா எண்ணெய்க் கிளட்ச்சா என்று விவரமறிந்த மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு அதன்பிறகு விலை பேசுங்கள்.